நடந்து வந்தவர்களின் நிலம்

1

கஷ்டப்பட்டவர்களின் கதைகளில் ஒரு வசதி உண்டு. கஷ்டத்தைச் சொல்லி முடித்ததும் கேள்விகளும் முடிந்துவிடும். "தாத்தா வெறுங்காலோட நடந்து வந்து கட்டின வீடு" என்று ஒருவர் கண்கலங்கச் சொல்லும்போது, அந்த இடம் தாத்தாவுக்கு எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நாம்தான் மரியாதை தெரியாத ஆள். ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஒருவர் பட்ட கஷ்டம் அவருக்கு எதைத் தருகிறது? நம்முடைய மதிப்பையா? நிலத்தின் மீது உரிமையையா? இரண்டையுமா?

இதை அந்தரத்தில் நின்று பேசினால் ஒன்றும் பிடிபடாது. ஒரு பாதையின் மேல் நின்று பேசலாம்.

நியூசிலாந்தின் தென்தீவில் கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கும் அதன் துறைமுகமான லிட்டெல்டனுக்கும் நடுவே போர்ட் ஹில்ஸ் என்ற மலைவரிசை நிற்கிறது. மலை என்று சொன்னாலும் அது அணைந்துபோன ஓர் எரிமலையின் விளிம்பு. ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிந்து ஓய்ந்த எரிமலை அது. அதன் வாய் அரித்துப்போய், கடல் உள்ளே புகுந்து, இன்று கப்பல் நிற்கும் துறைமுகமாகியிருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கி நகரத்துக்குப் போக வேண்டும் என்றால் எரிமலையின் உதட்டை ஏறிக் கடந்தாக வேண்டும். அதற்காக 1850இல் வெட்டப்பட்ட ஒற்றையடிப் பாதைக்குப் பெயர் பிரைடில் பாத். கடிவாளப் பாதை என்று சொல்லலாம். வண்டி போகாது. குதிரையைக்கூட கடிவாளத்தைப் பிடித்து நடத்தித்தான் கூட்டிப் போக வேண்டும் என்கிற அளவுக்குச் செங்குத்து.

உண்மையில் அந்த இடத்தில் பாதை போட வேண்டும் என்று யாருக்கும் திட்டமில்லை. காண்டர்பரி சங்கம் என்ற அமைப்பு 1848இல் லண்டனில் தொடங்கப்பட்டது. எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டின் குடியேற்றக் கோட்பாடும் ஜான் ராபர்ட் காட்லியின் மத நம்பிக்கையும் சேர்ந்த கலவை அது. இங்கிலாந்துத் திருச்சபையின் மாதிரிச் சமூகம் ஒன்றை உலகத்தின் மறுகோடியில் நட்டு வளர்ப்பது அவர்கள் கனவு. அதற்கு முன்னேற்பாடு செய்ய வந்த சர்வேயர் கேப்டன் ஜோசப் தாமஸ், சம்னர் வழியாக வண்டிச் சாலை போட ஆரம்பித்தார். பாதியில் காசு தீர்ந்தது. கப்பல்களோ கிளம்பிவிட்டன. சரி, இப்போதைக்கு நடந்தாவது போகட்டும் என்று மலைமேல் வெட்டியதுதான் இந்தப் பாதை. தற்காலிக ஏற்பாடுகள்தான் பல நேரம் வரலாறாகிவிடுகின்றன.

1850 டிசம்பர் 16இல் சார்லட் ஜேன், ராண்டால்ஃப் என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. அடுத்த நாள் சர் ஜார்ஜ் சீமோர். மாதக் கடைசியில் கிரெஸ்ஸி. மூன்று மாதத்துக்கு மேல் கடலில் கிடந்த ஏறத்தாழ 800 பேர் லிட்டெல்டனில் இறங்கினார்கள். கனமான சாமான்களைப் படகில் ஏற்றி, மலையைச் சுற்றிக் கடல் வழியாக ஆற்றுக்குள் அனுப்பினார்கள். ஆட்கள் நடந்தார்கள். கைக்குழந்தையோடு, மூட்டையோடு, தரை தொடும் பாவாடையோடு. உச்சியில் ஏறி நின்றபோது எதிரே தெரிந்தது அவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட சமவெளி. அன்றைக்கு அதில் பெரும்பகுதி புல்லும் சதுப்பும்தான்.

2

இன்றைக்கு அந்தப் பாதையில் போய்வர ஒன்றரை மணி நேரம் போதும். லிட்டெல்டன் பக்கம் ஏற்றம் கடுமை. மலைமேல் படிந்திருக்கும் மண், காற்று கொண்டுவந்து சேர்த்த மெல்லிய தூசு. மழை பெய்தால் சோப்பு மாதிரி வழுக்கும். அதற்கு அடியிலும் வெட்டப்பட்ட ஓரங்களிலும் கருப்பும் சிவப்புமாக எரிமலைப் பாறை. வழியில் குடியேறிகளின் நினைவாகப் போட்ட இருக்கைகள் உண்டு. உச்சியில் கல்லால் கட்டிய ஒரு நினைவகம். முன்னோடிப் பெண்களுக்காக 1940இல் கட்டியது.

கிறைஸ்ட்சர்ச்சில் வேலை பார்க்கும் ஒரு நண்பனோடு போயிருந்தேன். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "பாவம்டா இவங்க. நமக்கு ஷூ இருக்கு, தண்ணி பாட்டில் இருக்கு. புள்ளையத் தூக்கிக்கிட்டு இதுல எப்படிடா ஏறினாங்க? இதுக்காகவே ஆளுக்கு நாலு ஏக்கர் குடுக்கலாம்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இந்தப் பாதையில் இருக்கும் ஒவ்வொரு நினைவுக்கல்லும் கொஞ்சம் நாகரிகமான மொழியில் இதையேதான் சொல்கிறது. நடந்தார்கள், அதனால் இது அவர்களுடையது. இந்த 'அதனால்' எப்படி வந்தது?

இதற்கு ஒரு தத்துவப் பரம்பரையே உண்டு. 1689இல் ஜான் லாக் எழுதினார்: ஒருவன் தன் உழைப்பை எதோடு கலக்கிறானோ அது அவனுடையதாகிறது. உழாத நிலம் வீணாய்க் கிடக்கும் நிலம். நூற்றைம்பது வருஷம் கழித்து இந்த யோசனை லண்டன் அலுவலகங்களில் கொள்கையாக மாறியது. மாவோரிகள் பயிர் செய்யும் நிலம் மட்டும்தான் அவர்களுடையது, மிச்சமெல்லாம் அரசுக்குச் சேர வேண்டியது என்ற கருத்தில் 1846இல் காலனித்துறை அமைச்சர் ஏர்ல் கிரே ஆளுநருக்கு உத்தரவு அனுப்பினார்.

லாக் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாலும் ஒரு சிக்கல் வருகிறது. உழைப்பு நிலத்தோடு கலந்தால்தான் உரிமை. நடை நிலத்தோடு கலப்பதில்லை. நடப்பவர் களைக்கிறார், நிலம் அப்படியே இருக்கிறது. நடையின் கஷ்டம் நமக்குச் சொல்வது நடந்தவரின் மன உறுதியைப் பற்றி. போய்ச் சேர்ந்த இடம் யாருடையது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆனால் கேட்பவர் மனதில் முதலாவது இரண்டாவதாக வழுக்கிவிடுகிறது. மழைக்காலத்தில் அந்தப் பாதை வழுக்குவது போலத்தான், சத்தமில்லாமல்.

3

இந்தக் குடியேறிகள் கால் வைப்பதற்கு முன்பே அந்த மலைகளுக்குப் பெயர்கள் இருந்தன. துறைமுகத்துக்கு வாகராவுபோ என்று பெயர். பிரைடில் பாத்துக்குச் சற்று மேற்கே ராபாக்கி என்ற மாவோரி ஊர் இன்றும் இருக்கிறது. தெ ராகிவாகபுதா என்ற தலைவர் தன் இடுப்பாடையைக் கரையில் விரித்து அந்த இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். ராபாக்கி என்றால் இடுப்பாடை. ஊருக்கு மேலே நிற்கும் பாறையின் பெயர் தெ அஹி அ தமத்தேயா, தமத்தேயாவின் நெருப்பு. குளிரில் விறைத்துப்போன தமத்தேயா என்ற முன்னோர், வடதீவின் எரிமலைகளிலிருந்து நெருப்பை வரவழைத்துக் குளிர்காய்ந்தார் என்பது கதை. அது எரிமலைப் பாறை என்பது நிலவியலாளர்கள் வருவதற்கு முன்பே அந்தப் பெயருக்குள் இருந்திருக்கிறது. ராபாக்கியிலிருந்து மலையைக் கடந்து சமவெளிக்கு ஏறும் வழியும் பழையது. ஆக, 1850இல் வந்தவர்கள் மலையைக் கடந்த முதல் ஆட்கள் கிடையாது. தாங்கள் கடந்ததைக் கல்லில் எழுதிவைத்த முதல் ஆட்கள்.

நிலம் எப்படிக் கை மாறியது? 1848 ஜூனில் அகரோவா துறைமுகத்தில் கெம்ப் பத்திரம் என்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. தென்தீவின் மக்களான ங்காய் தாஹு, ஒரு கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அரசுக்குக் கொடுத்ததாக அது சொன்னது. விலை 2,000 பவுண்டு. துறைமுகத்தைச் சுற்றியுள்ள நிலத்துக்கு அடுத்த வருஷம் தனிப் பத்திரம், 200 பவுண்டு. அதே காலத்தில் காண்டர்பரி சங்கம் குடியேறிகளுக்கு விற்ற விலை ஏக்கர் 3 பவுண்டு. அந்த மூன்றில் தேவாலயம், பள்ளிக்கூடம், கப்பல் செலவு, சாலை எல்லாம் அடக்கம் என்பது உண்மைதான். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 பவுண்டுக்குச் சங்கத்திடம் 667 ஏக்கர்கூட வாங்க முடியாது.

விலையைவிட மோசமானது மீறப்பட்ட வாக்குறுதி. ஊர்களும் 'மஹிங்கா காய்' இடங்களும் மக்களுக்கே ஒதுக்கப்படும் என்று பத்திரத்தின் மாவோரி வாசகம் சொன்னது. மஹிங்கா காய் என்றால் உணவு சேகரிக்கும் இடம். விலாங்கு பிடிக்கும் ஓடை, பறவை பிடிக்கும் காடு, கிழங்கு தோண்டும் மேடு எல்லாமே அதில் அடங்கும். ஆங்கிலத்தில் அது தோட்டம் துரவு என்று சுருங்கியது. ஒதுக்கீட்டை அளக்க வந்த வால்டர் மாண்டெல் 637 பேருக்கு 6,359 ஏக்கர் அளந்து கொடுத்தார். ஆளுக்குச் சுமார் பத்து ஏக்கர். ஒரு கோடியில் ஆறாயிரம். பள்ளிகளும் மருத்துவமனைகளும் வரும் என்று வாயால் சொன்னது வாயோடு போனது.

4

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். கைக்குழந்தையோடு மலையேறிய அந்தப் பெண்ணுக்கு இதில் என்ன பங்கு? அவள் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. கெம்ப், மாண்டெல் என்ற பெயர்களையே கேள்விப்பட்டிருக்க மாட்டாள். அதிலும் நடந்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள், பணிப்பெண்கள். நிலத்துக்குப் பணம் கட்டியவர்களை மட்டும்தான் சங்கம் 'குடியேற்றவாசிகள்' என்று அழைத்தது. கப்பலின் அடித்தளத்தில் வந்தவர்கள் வெறும் 'புலம்பெயர்ந்தோர்'. உழைப்பாளிகள் சீக்கிரம் நிலம் வாங்கிவிட்டால் கூலிக்கு ஆள் கிடைக்காது, அதனால் விலையை வேண்டுமென்றே உயர்த்தி வைக்க வேண்டும் என்பதே வேக்ஃபீல்டின் கோட்பாடு. நடந்ததால் நிலம் கிடைக்கும் என்று சங்கமேகூட நினைக்கவில்லை.

அவள் குற்றவாளி இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அப்பாவித்தனம் ஒரு தராசு என்றால் அது ஒரே ஒரு பொருளைத்தான் நிறுக்கும். அவளைத் தண்டிக்கலாமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். பொருள் யாருடையது என்ற கேள்விக்குச் சொல்லாது. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசில் செகண்ட் ஹேண்ட் பைக் ஒன்று வாங்குகிறீர்கள். அது திருட்டு பைக் என்று பிறகு தெரிகிறது. நீங்கள் திருடர் இல்லை. உங்கள் காசு நேர்மையான காசு. ஆனாலும் பைக்கைத் தேடி வந்தவரிடம் "நான் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சம்பாதிச்சேன் தெரியுமா?" என்று சொன்னால், அது அவருக்கான பதிலாகாது.

கஷ்டம் உரிமை தருமென்றால் எல்லோருடைய கஷ்டத்துக்கும் தர வேண்டும் இல்லையா? அதையும் சோதித்துப் பார்க்கலாம். 1877இல் ஹிபா தெ மைஹாரோவா என்ற ங்காய் தாஹு தலைவர், கிழக்குக் கடற்கரைப் பக்கமிருந்து தீவின் உள்பகுதியான ஓமரமாவை நோக்கித் தன் மக்களை நடத்திச் சென்றார். குழந்தைகளும் முதியவர்களும் அதில் உண்டு. உள்நாட்டு நிலத்தை நாங்கள் விற்கவேயில்லை என்பது அவர் வாதம். அங்கே இரண்டு வருஷம் குடியிருந்தார்கள். ஆட்டுப் பண்ணைக்காரர்கள் புகார் செய்தார்கள். 1879 ஆகஸ்டில், தென்தீவின் கடுங்குளிரில், காவல்துறை வந்து வெளியேற்றியது. வைதாகி ஆற்றையொட்டி மறுபடியும் கடற்கரைக்கே நடந்தார்கள்.

அதே தீவு, அதே தலைமுறைக் காலம், அதே மாதிரி மூட்டையும் குழந்தையும். ஒரு நடை உரிமைக்குச் சான்றாகிறது. இன்னொரு நடை அத்துமீறலாகிறது. இரண்டிலும் கஷ்டம் ஒன்றுதான். வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது, நடந்து முடிந்த பிறகு நிலத்தைக் காத்துக் கொடுக்க யார் பக்கம் போலீஸ் நின்றது என்பதில். கஷ்டம் உரிமைக்குக் காரணமாக இருந்ததே இல்லை. வேறு வழியில் கிடைத்த உரிமைக்குப் பிறகு போர்த்திய பொன்னாடை அது.

5

"சரிடா, நடந்தது நடந்துபோச்சு. நூத்தி எழுபது வருஷம் ஆச்சு. இப்ப அங்க இருக்கறவங்க எங்க போவாங்க?" இதுவும் நண்பன் கேட்டதுதான். இதை லேசாக ஒதுக்க முடியாது. நியூசிலாந்தில் பிறந்த தத்துவவாதி ஜெரமி வால்ட்ரன் 1992இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் கிட்டத்தட்ட இதைத்தான் வாதிட்டார். சூழ்நிலை மாறும்போது பழைய அநீதியைக் காலம் கடந்துவிடக்கூடும். அன்று அநியாயமாக எடுக்கப்பட்ட நிலத்தைச் சுற்றி இன்று பல லட்சம் பேரின் வாழ்க்கை கட்டப்பட்டிருக்கிறது, அவர்களுக்கும் அதன் மேல் நியாயமான தேவை உண்டு என்றார் அவர்.

இந்த வாதத்தில் வலு இருக்கிறது. அதற்குள் ஓர் ஊகமும் ஒளிந்திருக்கிறது: நடுவில் காலம் சும்மா ஓடியது என்ற ஊகம். உண்மையில் அது சும்மா ஓடவில்லை. பத்திரம் கையெழுத்தான அடுத்த வருஷமே, 1849 அக்டோபரில், மதியாஹா திரமோரெஹு என்ற தலைவர் ஒதுக்கீடு போதவில்லை என்று அரசுக்கு எழுதினார். குடியேறிகளின் முதல் கப்பல் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே! அதன் பிறகு மனுக்கள், விசாரணைக் குழுக்கள், நாடாளுமன்ற உரைகள் என்று ஏழு தலைமுறைகள். 1986இல் வைதாங்கி தீர்ப்பாயத்திடம் வழக்கு, 1991இல் அறிக்கை, 1998இல் சட்டம். ஒருவர் வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். உள்ளே இருப்பவர் நூற்றைம்பது வருஷம் திறக்காமல் இருந்துவிட்டு, "ரொம்ப லேட் ஆயிடுச்சு" என்றால் எப்படி? தாமதத்தை உண்டாக்கியவரே தாமதத்தைக் காரணம் காட்ட முடியாது.

1998இல் கிடைத்தது 17 கோடி நியூசிலாந்து டாலர், முறையான மன்னிப்பு, ஊர்ப்பெயர்களுக்கு இரட்டை வடிவம். துறைமுகம் இன்று அதிகாரபூர்வமாக லிட்டெல்டன் என்றும் வாகராவுபோ என்றும் இரண்டு பெயர்களைச் சுமக்கிறது. தனியார் யாருடைய வீடும் தோட்டமும் பறிக்கப்படவில்லை. இழந்ததோடு ஒப்பிட்டால் தொகை மிகச் சிறியது. வால்ட்ரனின் கவலைக்கும் திரமோரெஹுவின் கடிதத்துக்கும் நடுவே எங்கோ நிற்கும் ஓர் ஏற்பாடு அது. முழு நீதி என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் கதவு திறக்கப்பட்டது.

6

இதில் நாம் எங்கே வருகிறோம்? நேராகவே வருகிறோம். ஆக்லாந்திலும் வெலிங்டனிலும் கிறைஸ்ட்சர்ச்சிலும் இன்று தமிழர்கள் இருக்கிறார்கள். போரிலிருந்து தப்பி வந்தவர்கள், ஐடி வேலைக்கு வந்தவர்கள், நர்ஸாக வந்தவர்கள். நமக்கும் சொல்ல நடைக்கதைகள் உண்டு. விசாவுக்கு அலைந்தது, ஒரே அறையில் நாலு பேர் படுத்தது, நைட் ஷிஃப்ட் பார்த்தது. இன்னும் ஐம்பது வருஷத்தில் நம் பேரப்பிள்ளைகள் அதையெல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். "நாம என்னடா பண்ணோம்? அப்ப நாம பொறக்கவே இல்லையே, நம்மளையும்தானே வெள்ளைக்காரன் ஆண்டான்" என்பது உண்மை. அந்தப் பெண் சொல்லக்கூடியதைவிட நாம் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

ஆனால் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: கடன். வாங்கிய பணத்துக்கும் அதுதான் பெயர், செய்ய வேண்டிய கடமைக்கும் அதுதான் பெயர். குற்றமும் கடனும் வேறு வேறு. அப்பன் செய்த கொலைக்கு மகனைத் தூக்கில் போட மாட்டார்கள். அப்பன் விட்டுப்போன சொத்தை எடுத்துக்கொள்ளும் மகன், அதன் மேலிருக்கும் கடனை மட்டும் தெரியாது என்று சொல்ல முடியாது. அதுகூட வாரிசுக்குத்தானே என்று கேட்கலாம். ஊரில் பழைய வீடு வாங்கியவர்களுக்குத் தெரியும். முந்தைய உரிமையாளர் கட்டாமல் விட்ட வீட்டு வரி பாக்கி வீட்டோடு சேர்ந்தே வரும். நான் புதுசா வந்தவன் என்று நகராட்சியில் சொல்லிப் பார்க்கலாம். "வீட்டுல நீங்கதானே சார் இருக்கீங்க?" என்பார்கள்.

அப்படியானால் புதிதாய் வந்தவருக்கு என்ன கடன்? குற்ற உணர்ச்சி இல்லை. அது பெரும்பாலும் நம்மைப் பற்றியே யோசிக்க வைக்கும், மற்றவருக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. எளிய காரியங்கள்தான். இடத்தின் இரண்டு பெயரையும் தெரிந்துகொள்வது. ஒப்பந்தத்தின் நியாயம் வாக்கெடுப்புக்கு வரும்போது "இவங்களுக்கு மட்டும் ஏன் ஸ்பெஷல்?" என்று கேட்கும் கூட்டத்தோடு சேராமல் இருப்பது. நம் கஷ்டத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அது எதற்குச் சான்று, எதற்குச் சான்றில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வது. குழந்தையோடு மலையேறிய அந்தப் பெண்ணை மதிக்க இதெல்லாம் தடையில்லை. அவள் நடையை நிலப் பட்டாவாக்காமல் நடையாகவே பார்க்கும்போதுதான் அவளைச் சரியாக மதிக்கிறோம் என்று நினைக்கிறேன். பட்டா தேவைப்பட்டவர்கள் அவளைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

மாவோரி மொழியில் 'முவா' என்றால் முன்பக்கம். கடந்த காலத்துக்கும் அதே சொல்தான். 'முரி' என்றால் பின்பக்கம், வரப்போகும் காலமும் அதுவே. அதாவது மனிதன் இறந்தகாலத்தைக் கண்ணெதிரே பார்த்தபடி, எதிர்காலத்துக்குள் முதுகுப்பக்கமாக நடக்கிறான். கேட்க விசித்திரமாகத் தோன்றும். ஆனால் நாமும் 'முன்னோர்' என்று இறந்தவர்களைத்தானே சொல்கிறோம்? 'முன்பு' என்றால் நடந்து முடிந்தது, 'பின்னால்' என்றால் இனி நடக்கப்போவது. நம் மொழியும் அதே பக்கம்தான் முகம் வைத்திருக்கிறது. முன்னால் தெரிவது எல்லாம் நாம் பார்த்தாக வேண்டியவை, நினைவகமும் மனுக்களும், ஏறிய நடையும் இறக்கிவிடப்பட்ட நடையும். அதில் பிடித்ததை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டால், பின்பக்கமாக நடப்பவர் எதில் போய் இடிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.